தோற்றவரின் பேச்சும் தோற்றவரின் குற்றமும்

ஒரு பேரரசு சமவெளியை வென்று முடித்த பிறகும் அதன் விளிம்பிலுள்ள காடுகளிலும் மலையடிவாரங்களிலும் தொடர்ந்து நடக்கும் போரை எல்லைநிலப் போர் எனலாம். இரு மன்னர்களின் படைகள் களம் குறித்து மோதும் போரில் படைவீரன் யார், குடியானவன் யார் என்பது தெளிவாகத் தெரியும். எல்லைநிலப் போரிலோ கோட்டைக்கும் ஊருக்கும், போர்ச்செயலுக்கும் கொள்ளைக்கும், தண்டனைக்கும் பழிவாங்கலுக்கும் இடையிலுள்ள கோடுகள் அழிந்துவிடுகின்றன. இத்தகைய போரைப் பற்றி வென்றவர் தம் புகழைப் பாடி ஓய்ந்த பிறகு, தோற்றவரின் பக்கமிருந்தும் அதைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் பிறக்கும்போது, அறவியல் சார்ந்த ஒரு கேள்வியும் உடன் பிறக்கிறது: எதிரியைப் புரிந்துகொள்வதும் அவன் செய்ததை நியாயப்படுத்துவதும் ஒன்றுதானா? ஒன்றல்ல என்று விடை சொல்வது எளிது. அந்த வேறுபாட்டை ஒரு கதைக்குள், அதிலும் கூட்டம் கூட்டமாக மக்கள் அமர்ந்து பார்க்கும் ஒரு திரைப்படத்துக்குள், குலையாமல் நிறுத்துவது அரிது.

இக்கேள்வியைச் சோதித்துப் பார்க்கத் திண்டுக்கல் சீமை பொருத்தமான நிலம். நாயக்கர் ஆட்சியில் வளர்ந்த பாளையம் என்ற அமைப்பு, ஒரு பகுதியின் வரியையும் ஊர்க்காவலையும் ஒரு தலைவரிடம் ஒப்படைத்து, அதற்கு ஈடாகப் போர்க்காலத்தில் அவரிடமிருந்து படையைப் பெறும் ஏற்பாடாகும். விருப்பாட்சி, கன்னிவாடி, இடையக்கோட்டை, அம்மையநாயக்கனூர், ஆயக்குடி ஆகியவை இச்சீமையின் பாளையங்களுள் சில. 1792-ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியபோது, இப்பாளையங்கள் அனைத்தும் தம் விருப்பம் கேட்கப்படாமலேயே ஆட்சி மாறின. கணவர் முத்துவடுகநாதர் 1772-இல் காளையார்கோவிலில் கொல்லப்பட்ட பின் அடைக்கலம் தேடி வந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியாருக்கு இடமளித்த விருப்பாட்சியின் கோபால நாயக்கர், புதிய ஆட்சிக்கு எதிராகப் பல சீமைகளின் தலைவர்களை ஒரே அணியில் திரட்டினார். 1800-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்க அவ்வணி வகுத்த திட்டம் தோற்று, பலர் தூக்கிலிடப்பட்டனர். 1801-இல் அவரும் தூக்கிலேற்றப்பட்டார். விருப்பாட்சி அமைந்த அதே பழனிச் சாலையில் இன்னும் சற்று மேற்கே இருக்கும் ஆயக்குடியோ இருபதாம் நூற்றாண்டு வரை ஜமீனாக நீடித்தது. ஒரே சாலையில் அமைந்த இவ்விரு ஊர்களுள் ஒன்றின் கதை வீரகாவியமாகிறது. மற்றதன் கதையைச் சொல்ல நம்மிடம் வடிவமே இல்லை. இந்த இல்லாமைதான் இங்கே முக்கியமானது.

எல்லைநிலப் போரைப் படமாக்குவதில் நீண்ட பழக்கமுடையது அமெரிக்கத் திரைத்துறை. அங்கே ‘வெஸ்டர்ன்’ எனப்படும் படவகை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக் குடியேறிகள் மேற்கு நோக்கிப் பரவியதையும் அந்நிலத்தின் பூர்வகுடிகளோடு அவர்கள் நடத்திய போர்களையும் பெரும்பாலும் நாகரிகத்தின் வெற்றியாகச் சொல்லி வந்தது. 1960-களின் பிற்பகுதியிலிருந்து, வியட்நாம் போரின் மனச்சுமையோடு, அக்கதையைத் திருப்பிப் பார்க்கும் படங்கள் வந்தன; இவற்றை மறுநோக்கு வெஸ்டர்ன்கள் எனலாம். 1970-இல் வெளிவந்த ‘சோல்ஜர் ப்ளூ’, ‘லிட்டில் பிக் மேன்’ ஆகியவை பூர்வகுடிகளைக் குற்றமற்றவர்களாகவும் அமெரிக்கப் படையைக் கொலைகாரக் கூட்டமாகவும் காட்டின. 1972-இல் ராபர்ட் ஆல்ட்ரிச் இயக்கி, ஆலன் ஷார்ப் எழுதிய ‘உல்சானாஸ் ரெய்ட்’ இவ்விரண்டிலிருந்தும் விலகி நிற்கிறது. இவ்வகைப் படங்களின் வலிமையையும் பலவீனத்தையும் ஒருசேரக் காட்டுவதில் இதற்கு நிகராக வேறொன்றைச் சொல்வது கடினம்.

அரிசோனாவிலுள்ள சான் கார்லோஸ் ஒதுக்கிடத்திலிருந்து, அதாவது அரசு பூர்வகுடிகளை அடைத்து வைத்த நிலப்பகுதியிலிருந்து, அப்பாச்சி இனத்தைச் சேர்ந்த உல்சானா சில வீரர்களோடு தப்பிச் சென்று குடியேறிகளின் பண்ணைகளைத் தாக்குவதும், அவனைப் பிடிக்க ஒரு சிறு குதிரைப்படை புறப்படுவதுமே கதை. 1885-இல் உண்மையிலேயே நிகழ்ந்த ஒரு தாக்குதல் இதற்குப் பின்புலமாக உள்ளது. படைக்குத் தலைமை தாங்கும் டிபுயின் ஒரு பாதிரியாரின் மகன். கிறித்துவ அன்பை நம்பி வந்த இளைஞன். அவனோடு செல்லும் வழிகாட்டி மக்கின்டாஷ், பர்ட் லங்காஸ்டர் ஏற்ற பாத்திரம், அப்பாச்சிகளை நன்கு அறிந்த முதியவர். அவர்களை வெறுக்கிறீரா என்று இளைஞன் கேட்கும்போது, பாலைவனத்தில் நீரில்லை என்பதற்காகப் பாலைவனத்தை வெறுப்பது போலாகும் அது என்ற பொருளில் முதியவர் விடை சொல்கிறார். அவர்களுக்கு அஞ்சுவதாகவும் ஒப்புக்கொள்கிறார்.

இந்த விடையில்தான் படத்தின் மெய்யியல் அடங்கியிருக்கிறது. டிபுயினின் மனத்தில் அன்புக்கும் வெறுப்புக்கும் நடுவே வேறு நிலையே இல்லை. சித்திரவதை செய்யப்பட்ட உடல்களைக் கண்டதும் அவனுடைய அன்பு ஒரே நாளில் வெறுப்பாகிவிடுகிறது. எதிரி நல்லவன் என்பதற்காக அன்பு செலுத்தியவன், எதிரி நல்லவனல்லன் என்று தெரிந்ததும் அன்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறான். அப்படியானால் முதலில் அவன் செலுத்தியது அன்பே அல்ல, எதிரியின் நடத்தையின் மீது விதித்த நிபந்தனை. பின்னர் அவனுடைய படைவீரர்கள் இறந்துபோன ஓர் அப்பாச்சியின் உடலைச் சிதைக்கும்போது டிபுயின் அதிர்ச்சியடைகிறான். தன் மக்களும் அதையே செய்வார்கள் என்று நினைக்க அவனுக்குப் பிடிக்கவில்லை, அது விஷயத்தைக் குழப்பிவிடுகிறது என்று மக்கின்டாஷ் சுட்டுகிறார். கொடுமையைக் கொடுமை என்று காட்டவும், அதைச் செய்பவர்களை விலங்கு என்று ஒதுக்காமல் இருக்கவும் ஒரே நேரத்தில் முயல்கிறது இப்படம். முன்பு வந்த படங்கள் பூர்வகுடிகளுக்கு அளித்த குற்றமின்மை உண்மையில் ஒரு வகைச் சிறுமைப்படுத்தல். தவறு செய்யக்கூடியவன் மட்டுமே முழு மனிதன் என்பதால், அந்தத் தகுதியையும் அவர்களிடமிருந்து பறிப்பது கருணையாகாது.

ஆயினும் இதே படத்தில் உல்சானா ஏறக்குறைய ஒன்றும் பேசுவதில்லை. ஒதுக்கிடத்தில் அவன் மக்கள் பட்ட பசியும் இழிவும் போகிற போக்கில் கடந்து செல்கின்றன. சித்திரவதை செய்து கொல்வதன் மூலம் கொல்லப்படுபவனின் ஆற்றலைப் பெறலாம் என்ற நம்பிக்கையே அக்கொடுமையின் காரணம் என்று படையில் பணிபுரியும் அப்பாச்சி வழிகாட்டி கெ-னி-டே ஒரே உரையில் விளக்கிவிடுவதோடு, ஒரு மக்களின் நீண்ட அரசியல் வரலாறு ஒரு சடங்கு விளக்கமாகச் சுருங்கிவிடுகிறது. உல்சானாவாகவும் கெ-னி-டேயாகவும் நடித்தவர்கள் மெக்சிகோ நாட்டு நடிகர்கள், அப்பாச்சிகள் அல்லர். போரில் சிக்கும் பெண்கள் ஆண்களின் மனமாற்றத்தைக் காட்டும் கருவிகளாக மட்டுமே நிற்கின்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, படம் 1885-இன் அரிசோனாவைப் பற்றிப் பேசுவதைவிட 1972-இன் வியட்நாமைப் பற்றியே பேசுகிறது. அமெரிக்க மனச்சாட்சி தன்னைத் தானே விசாரிக்கும் அறையில் அப்பாச்சி ஒரு சாட்சிப் பொருளாக வைக்கப்படுகிறான், சாட்சியாக அழைக்கப்படுவதில்லை.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய நோயன்று. வென்றவரின் கழிவிரக்கத்துக்கே இயல்பாக உள்ள குறை. இந்திய வரலாற்றில் இதற்கு மிகப் பழைய சான்று அசோகரின் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டு. கலிங்கப் போரில் ஓரிலட்சம் பேர் கொல்லப்பட்டதையும் ஒன்றரை இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டதையும் சொல்லி, அதற்காக வருந்தும் அதே கல்வெட்டு, தன் ஆட்சிக்குட்பட்ட காட்டுவாசிகளை நோக்கித் திரும்பி, வருந்தினாலும் மன்னரிடம் தண்டிக்கும் ஆற்றல் இருக்கிறது என்பதை நினைவூட்டி எச்சரிக்கவும் செய்கிறது. கலிங்கத்துக்குள்ளேயே உள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும் இக்கல்வெட்டு பொறிக்கப்படவில்லை. அங்கே வேறு ஆணைகள் இடம்பெற்றன. அடிபட்டவர்களின் ஊரில் மட்டும் அந்த வருத்தம் எழுதப்படவில்லை என்பது ஆட்சி நோக்கில் விவேகமாக இருக்கலாம். அறநோக்கில், அந்த வருத்தம் யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்ற ஐயத்தை அது எழுப்புகிறது. தமிழிலும் பரணி என்னும் இலக்கிய வகை தோற்றவரின் பெயரால் வழங்குவது மரபு. முதற் குலோத்துங்கனின் படை பெற்ற வெற்றியைச் சயங்கொண்டார் பாடிய நூலுக்குக் கலிங்கத்துப்பரணி என்றே பெயர். பெயர் தோற்றவருடையது, புகழ் வென்றவருடையது.

தமிழ்நாட்டில் எல்லைநிலப் போர் எதிர்ப்பக்கத்திலிருந்து படமாயிற்று. 1959-இல் பி. ஆர். பந்துலு இயக்கிய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, சக்தி கிருஷ்ணசாமி எழுதிச் சிவாஜி கணேசனின் குழு மேடையேற்றிய நாடகத்திலிருந்து பிறந்தது. அதே ஆண்டில் கண்ணதாசன் தயாரித்த ‘சிவகங்கைச் சீமை’ மருது சகோதரர்களைப் பேசியது. கம்பெனியின் ஆவணங்களில் வரி பாக்கி வைத்த கலகக்காரராகவும் கொள்ளையராகவும் எழுதப்பட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனை, ம. பொ. சிவஞானத்தின் நூலும் பந்துலுவின் படமும் மக்களின் நினைவில் வேறொரு இடத்தில் அமர்த்தின. இம்முயற்சியின் வலிமை, அது தோற்றவருக்குக் கொடுத்த பேச்சில் இருக்கிறது. உல்சானாவுக்கு ஆல்ட்ரிச் மறுத்ததை முழுதும் கட்டபொம்மனுக்கு வழங்கியது தமிழ்ப்படம்: கலெக்டர் ஜாக்சன் துரையின் முன்னிலையில் அவர் பேசும் காட்சி, விசாரிக்கப்பட வேண்டியவனே விசாரிப்பவனாக மாறும் தருணம். விடுதலை பெற்று 12 ஆண்டுகளே ஆன ஒரு மக்களுக்கு அது வெறும் வசனமாகக் கேட்டிருக்க முடியாது. 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க-ஆசியத் திரைவிழாவில் அந்த நடிப்புக்குப் பரிசு கிடைத்ததையும், பேரரசுகளின் விளிம்பிலிருந்த இன்னொரு நாட்டில் அப்பேச்சு புரிந்துகொள்ளப்பட்டதற்கான அடையாளமாகக் கொள்ளலாம்.

ஆனால் பேச்சைக் கொடுத்த படம் குற்றத்தை எடுத்துக்கொண்டது. ஆவணங்கள் காட்டும் கட்டபொம்மன் இன்னும் சிக்கலானவர். 1798-இல் கலெக்டர் ஜாக்சன் வரச் சொல்லி ஊர் ஊராக அலைக்கழித்தபோது 23 நாள் அவரைப் பின்தொடர்ந்து சென்று, செப்டம்பரில் இராமநாதபுரத்தில் சந்தித்தவர் அவர். கணக்குப் பார்த்தபோது 3310 பகோடா பாக்கியில் 1080 மட்டுமே நிலுவையாக இருந்தது. அதாவது, படத்தின் நாயகன் வரி என்ற கருத்தையே மறுக்கிறான்; வரலாற்றின் மனிதரோ பெரும்பகுதியைச் செலுத்திவிட்டு, மீதியைப் பேசித் தீர்க்க வந்து, மணிக்கணக்கில் நிற்க வைத்து அவமதிக்கப்பட்டவர். பின்னர்க் கம்பெனியே நடத்திய விசாரணையில் ஜாக்சனின் நடத்தை தவறென்று முடிவாகி அவர் பதவி இழந்தார். சமரசத்துக்கு வந்தவரைக் கலகத்துக்குத் தள்ளிய கதை, கலகத்துக்கென்றே பிறந்தவரின் கதையைவிடக் கம்பெனியின் மீது கடுமையான குற்றச்சாட்டு. படம் வீரத்தைக் கூட்டும் ஆர்வத்தில் அதைக் கைவிட்டது. பாளையக்காரருக்கும் கம்பெனிக்கும் இருந்த சச்சரவு, உழவரிடமிருந்து வரி பெறும் உரிமை யாருக்கு என்பது பற்றியதே தவிர, உழவர் வரி கொடுக்க வேண்டுமா என்பது பற்றியதன்று. அவ்வுழவருக்குப் படத்தில் வேலையில்லை. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு குடும்பத்தின் தலைவர் செந்தமிழ் முழங்குவது நாடக மரபின் பாற்பட்டது; அதைப் பெரிய குறையாகக் கொள்ள வேண்டியதில்லை.

பெரிய குறை எட்டயபுரத்தின் சித்தரிப்பில் உள்ளது. பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் இடையே எல்லைத் தகராறு கம்பெனி வருவதற்கு முன்பே நிலவியது. தன் ஊர்கள் தாக்கப்படுவதாக முறையிட்ட பாளையம் எட்டயபுரம். அதன் தலைவர் கம்பெனிக்குத் துணைபோனது வரலாறு. அவர் பொறாமையின் வடிவாக, வி. கே. ராமசாமியின் நடிப்பில் நகைப்புக்கும் வெறுப்புக்கும் ஒருங்கே உரியவராக ஆனது நாடகம். கட்டபொம்மனைக் கொள்ளைக்காரர் என்றே வாதிட்டு எழுதிய தமிழ்வாணன் அதே வாய்பாட்டைத் தலைகீழாக்கினார், அவ்வளவுதான். ஒருவர் வீரர் என்றால் மற்றவர் துரோகி, ஒருவர் துரோகி அல்லர் என்றால் மற்றவர் கொள்ளையர்: இக்கணக்கில் குற்றத்தின் மொத்த அளவு மாறுவதே இல்லை, அதைச் சுமப்பவர் மட்டுமே மாறுகிறார். பழைய வெஸ்டர்ன் படங்களின் கணக்கும் இதுவே என்பதால், 1959-இன் படத்தை, அதன் பெருமையைக் குறைக்காமலேயே, மறுநோக்குப் படம் என்பதைவிடத் திருப்பிப் போடப்பட்ட வெஸ்டர்ன் என்பதே பொருந்தும்.

துணைபோனவர்களைப் பற்றி வரலாறு சொல்வது இரு பக்கத்துப் படங்களும் சொன்னதைவிடக் கசப்பானது. உல்சானா, கெரோனிமோ முதலிய அப்பாச்சித் தலைவர்கள் 1886-இல் சரணடைந்த பின், அவர்களைப் பிடிக்க அமெரிக்கப் படைக்கு வழிகாட்டிய சிரிக்காவா அப்பாச்சி வீரர்களும் அதே கைதிகளோடு ஃபுளோரிடாவுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். தமிழகத்தின் தெற்கே 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தபோது, எதிர்த்த பாளையம், உதவிய பாளையம் என்ற பாகுபாட்டுக்கு அதில் இடமில்லை. ஜமீனாக வாழ்ந்தவர்கள் உயிரையும் நிலத்தையும் காத்துக்கொண்டார்கள்; படை வைக்கும் தலைவர் என்ற பழைய தகுதி எதிர்த்தவர், உதவியவர் இரு தரப்பினரிடமிருந்தும் பறிபோயிற்று. எனவே ஆயக்குடியைப் போன்று எஞ்சி நின்ற பாளையங்களின் கதையைச் சொல்ல வேண்டுமானால், துரோகம் என்ற ஒற்றை அளவுகோல் போதாது. தன் குடிகளின் உயிரை எண்ணிப் பணிந்த தலைவர், தன் பகையை எண்ணிப் பணிந்த தலைவர், வேறு வழி தெரியாமல் பணிந்த தலைவர் ஆகிய மூவரையும் பிரித்துப் பார்க்கும் நுண்மை வேண்டும். பணிந்தவர் எல்லாரும் நிரபராதிகள் என்பதன்று இதன் பொருள். அவர்களும் விசாரிக்கத் தக்கவர்கள் என்பதே.

இவ்வாறு பார்ப்பதற்கு வேற்றுநாட்டுக் கோட்பாடு எதையும் இரவல் வாங்க வேண்டியதில்லை. பகைவரின் ஆநிரைகளைக் கவர்வதை வெட்சி என்றும், கவரப்பட்டதை மீட்பதைக் கரந்தை என்றும் தமிழிலக்கணம் வகுத்தது. தொல்காப்பியம் இரண்டையும் வெட்சி என்ற ஒரே திணைக்குள் அடக்க, புறப்பொருள் வெண்பாமாலை தனித்தனித் திணைகளாக்கிற்று. எப்படி வகுத்தாலும், கவர்ந்தவனும் மீட்டவனும் இருவருமே பாடப்பெறத் தக்கவர்கள் என்பது மாறவில்லை. இறந்தவன் எப்பக்கத்தவன் ஆயினும் அவனுக்கு நடுகல் உண்டு. 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வுக் குழு தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டறிந்த தமிழி எழுத்து நடுகற்களுள் ஒன்று, கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த சண்டையில், இறந்த அந்தவன் என்பவருக்கு நட்டது. அவர் கவரச் சென்றவரா, காக்க நின்றவரா என்பதை அதன் வாசகம் சொல்லாமல் விட்டுவிடுகிறது. பகைவனுக்கு இடர் நேர்ந்தபோது உதவுவதை வீரத்தின் கூர்மை என்று திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரம் கருதுவதும் இதே மனநிலையின் வளர்ச்சி எனலாம். மரபைப் போற்றும் ஆர்வத்தில் இதை மிகைப்படுத்தவும் கூடாது. வெட்சியின் அறம் சம ஆற்றலுடைய சிறுகுடிகளுக்கு இடையே தோன்றியது. ஒரு பக்கம் பீரங்கியும் வரிக்கணக்கும் மறுபக்கம் வேலும் வளரியும் இருக்கும் போரில், இருவருக்கும் ஒரே கல் நடுவது அநீதியை மறைக்கும் நடுநிலையாகிவிடலாம். ஆநிரையை இழந்த குடும்பத்துப் பெண்டிர் என்ன நினைத்தார்கள் என்பதையும் எந்தக் கல்லும் சொன்னதில்லை.

ஆகவே கேள்வி மீண்டும் தொடங்கிய இடத்துக்கே வருகிறது; ஆனால் சற்றுத் தெளிவாக. ஒரு மனிதனை மனிதனாக நடத்துவது என்பது, அவன் செயலுக்கு அவனைப் பொறுப்பாக்குவதையும், பொறுப்பாளி என்ற முறையில் அவன் சொல்லும் விளக்கத்தைக் கேட்பதையும் சேர்த்தே குறிக்கிறது. குற்றம் சாட்டிப் பேசவிடாதது ஆல்ட்ரிச்சின் குறை. பேசவிட்டுக் குற்றத்தை நீக்கியது பந்துலுவின் குறை. இரண்டுள் எது மன்னிக்கத் தக்கது என்று கேட்டால், பந்துலுவின் பக்கமே நியாயம் கூடுதலாகத் தெரிகிறது. ஏனெனில் நெடுங்காலம் பேசவிடப்படாதவன் முதன்முறை பேசும்போது தன் தவறுகளிலிருந்து தொடங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. அந்த முதற்பேச்சு நிகழ்ந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட பிறகும் அதையே திரும்பத் திரும்ப நிகழ்த்திக்கொண்டிருப்பதற்கு அந்தச் சலுகை பொருந்தாது.

எதிரியை அறிவது போரைத் தடுத்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் இந்த வரலாற்றில் ஆதாரம் குறைவு. கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830-இல் வெளியிட்ட தம் நினைவுநூலில், 1795-இல் தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று நன்றியோடு பதிவு செய்கிறார். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையைப் பற்றியும் வியப்போடு எழுதுகிறார். அதே வெல்ஷ் 1801-இல் அவர்களை வேட்டையாடிய படையில் இருந்தார். அவ்வாண்டு அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். மக்கின்டாஷைப் போலவே அவருக்கும் வெறுப்பில்லை. அவரைப் போலவே கடமையிலும் குறை வைக்கவில்லை. தம் ஆசிரியர் தூக்கிலேறியதை 29 ஆண்டுகளுக்குப் பிறகு வருத்தத்தோடு எழுதிய அந்த நூல், லண்டனில், வென்றவர்கள் படிப்பதற்காக அச்சிடப்பட்டது.